ஆறப் பொறுக்காதவன் காய்ச்சிய பீர்

"டேய், இதுல பிளாஸ்திரி வாடை அடிக்குதுடா" என்றாள் அக்கா.

நான் வீட்டில் காய்ச்சிய முதல் பீரின் முதல் பாட்டில் அது. நன்றாகக் குளிரவைத்து, உயரமான கண்ணாடித் தம்ளரைச் சாய்த்துப் பிடித்து, மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நிற்கும்படி ஊற்றி, ஏதோ சாதித்தவன்போல அவள் முன்னால் வைத்திருந்தேன். நிறம் சரியாக வந்திருந்தது. நுரைகூட நின்றது. அவள் குடிக்கவே இல்லை. மூக்கருகே கொண்டுபோனாள், முகத்தைச் சுளித்தாள், தம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டாள். அக்காவுக்குத் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. அவள் மூக்கோடு வாதாடி நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

நானும் ஒரு வாய் குடித்தேன். காயத்துக்குக் கட்டுப் போடும் அறைக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாடை வாய்க்குள் வந்தது.

"வாளியை எதுல கழுவினே?"

"பிளீச்சுலதான். கிருமி இருக்கக் கூடாதில்ல?"

"எத்தனை தடவை அலசினே?"

ஒரே ஒரு தடவை. அதுவும் அவசர அவசரமாக. அடுப்பில் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியின் சாறு, கொதித்துக்கொண்டிருந்தது, ஈஸ்ட்டைப் போட்டுவிட வேண்டும் என்று கை பரபரத்தது. நான் பதில் சொல்லாததைப் பார்த்து அக்கா சிரித்தாள். "ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையாக்கும்."

குளோரினுக்கும் பீருக்கும் ஆகாது. மால்ட்டிலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் ஃபீனால் என்ற வகைப் பொருள்கள் இயல்பாகவே வரும். குளோரின் அவற்றோடு சேர்ந்தால் குளோரோஃபீனால். அது எத்தனை துளி கலந்திருக்கிறது என்று தேடவே வேண்டாம், இருந்தால் மூக்கே சொல்லிவிடும். பிளீச்சில் கழுவிய வாளிதான் என்றில்லை, குழாய்த் தண்ணீரில் கிருமிநாசினியாகக் கலந்துவரும் குளோரினே இந்த வேலையைச் செய்துவிடும். வெறும் குளோரின் என்றால் கொதிக்கவைத்தால் போய்விடும். குளோரமீன் என்ற இன்னொரு கிருமிநாசினி கலந்திருந்தால் அவ்வளவு சுலபமாகப் போகாது. அதற்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் மாத்திரை உண்டு. கேம்ப்டன் மாத்திரை என்பார்கள். ஒரு மாத்திரை ஏறத்தாழ 75 லிட்டர் தண்ணீருக்குப் போதும். அதாவது நான் காய்ச்சும் 20 லிட்டருக்கு ஒரு மாத்திரையில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். அந்தத் துணுக்கைப் பொடித்துப் போட்டுச் சில நிமிடம் கலக்கியிருந்தால் தண்ணீராவது சுத்தமாகியிருக்கும். வாளிக்கு என்ன சமாதானம் சொல்வது? 20 லிட்டரையும் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து கழுவுதொட்டியில் கவிழ்த்தேன். அரை லிட்டர் பாட்டிலில் கிட்டத்தட்ட நாற்பது. கடைசியில் கை வலித்தது.

அதற்கு முந்தைய இரண்டு மாதம் நான் படித்ததெல்லாம் செய்முறைகள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் எந்த வகையில் எலுமிச்சை மணம், எதில் மூலிகை மணம், எந்த மால்ட் கேரமல் சுவை தரும், எது கருகிய காபிச் சுவை தரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சாஸ், ஃபக்கிள், கேஸ்கேட், ஹாலர்டாவ் என்ற ஹாப்ஸ் பெயர்கள் எல்லாம் மந்திரம்போல வாயில் ஓடின. கழுவுவதைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. புதிதாகக் காய்ச்ச வருகிற எல்லோரும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். சமையல் தெரியாதவன் முதல்நாளே விருந்துக்கு என்ன சமைக்கலாம் என்று யோசிப்பதுபோல.

ஆரம்பிக்குமுன் ஒரு விஷயம். நீங்கள் இருக்கும் இடத்தில் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1963 வரை இதற்கு உரிமம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் சட்டத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் நாட்டளவில் வழி திறந்தது, மாநிலங்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் இழுத்தன. இன்றைக்கும் பல இடங்களில் முடியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சுவது வேறு, வடிப்பது வேறு. நான் சொல்வது தானியச் சாற்றை நொதிக்கவைப்பதை. ஆவியாக்கி வடித்துச் சாராயம் எடுப்பது சட்டத்திலும் வேறு, ஆபத்திலும் வேறு. அந்தப் பக்கமே நான் போகவில்லை.

பீருக்குள் நாலே பொருள்கள்தான். தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட், கசப்புக்கு ஹாப்ஸ், ஈஸ்ட். 1516-இல் ஜெர்மனியின் பவேரியாவில் போட்ட சட்டம் பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது என்றது. ஈஸ்ட்டின் பெயர் அதில் இல்லை. அப்படி ஒரு உயிர் இருப்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நுரையும் மண்டியும் தெரியும், அதை எடுத்து அடுத்த பானையில் போட்டால் அதுவும் பொங்கும் என்று தெரியும். உள்ளே வேலை செய்வது யார் என்று தெரியாமலே நூற்றாண்டுக் கணக்கில் நல்ல பீர் காய்ச்சியிருக்கிறார்கள். நொதித்தலுக்குக் காரணம் உயிருள்ள ஈஸ்ட்தான் என்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் நிறுவியதும், டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹன்சன் 1883-இல் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டியதும் 19-ஆம் நூற்றாண்டுக் கதை. இன்றைக்கு நாம் 11 கிராம் பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டுகிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

புதியவர்களுக்குச் சுலபமான வழி மால்ட் சாறு. தானியத்தை ஊறவைத்துச் சர்க்கரை எடுக்கும் வேலையை ஆலையிலேயே முடித்து, தேன்போலக் கெட்டியாக டப்பாவில் அடைத்துத் தருகிறார்கள். ஏறக்குறைய 3 கிலோவைத் தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, 20 லிட்டராக்கி ஈஸ்ட் போட்டால் முடிந்தது. சாற்றை ஊற்றும்போது மட்டும் அடுப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடியில் போய் உட்கார்ந்து கருகும். கொதி வரும் நேரத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். பால் பொங்கினால் ஒரு கரண்டி வீணாகும். இது பொங்கினால் அடுப்பு முழுக்கப் பிசுபிசுவென்று கேரமல் ஒட்டிக்கொள்ளும், ஒரு வாரம் சுரண்டலாம்.

இந்த நொதிக்காத இனிப்புத் தண்ணீருக்கு வொர்ட் என்று பெயர். கொதிக்கும்வரை அதற்குள் எது விழுந்தாலும் கவலையில்லை. கொதி அடங்கி ஆற ஆரம்பித்த பிறகுதான் ஆபத்து. சர்க்கரை நிறைந்த வெதுவெதுப்பான திரவம் கிருமிகளுக்கு விருந்து. அதனால்தான் சீக்கிரம் ஆறவைக்கச் சொல்கிறார்கள். பாத்திரத்தை ஐஸ் நிறைத்த தொட்டியில் இறக்கிவைத்தோ, சுருள் செம்புக் குழாயை உள்ளே விட்டு அதில் குளிர்ந்த தண்ணீர் ஓடவிட்டோ, 20 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். அக்காவின் பழமொழி செல்லாத ஒரே இடம் இதுதான். ஆக்கவும் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும், ஆற மட்டும் பொறுக்கவே கூடாது. ஆறிய பிறகு மறுபடி வாரக்கணக்கில் பொறுமை. நான் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டேன் என்பதுதான் என் முதல் மூன்று மாதச் சரித்திரம்.

கழுவுவது, கிருமி நீக்குவது இரண்டையும் நான் ஒன்றென்று நினைத்திருந்தேன். அழுக்கு ஒட்டிய பரப்பில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. முதலில் அழுக்குப் போகக் கழுவ வேண்டும், பிறகு கிருமி நீக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியைக் கம்பிப் பஞ்சு போட்டுத் தேய்க்கக் கூடாது, விழும் ஒவ்வொரு கீறலும் பாக்டீரியாவுக்கு ஒரு வீடு. பிளீச்சுக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த சானிடைசர் இருக்கிறது. சொன்ன அளவுக்குத் தண்ணீரில் கலந்து, பாத்திரத்தை நனைத்து, ஒன்றிரண்டு நிமிடம் விட்டுக் கவிழ்த்தால் போதும். அலசவே வேண்டாம். நுரை நுரையாக உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேலேயே வொர்ட்டை ஊற்றலாம். முதல்முறை அப்படி ஊற்றியபோது எனக்கு மனசே வரவில்லை. இதுவரை ஒரு கெடுதலும் இல்லை.

ஒரு ஆறுதலும் உண்டு. பீர் கெட்டுப்போனாலும் குடித்தவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அபூர்வம். ஆல்கஹால், புளிப்பு, ஹாப்ஸின் கசப்பு, ஆக்சிஜன் இல்லாமை நான்கும் சேர்ந்து நோய்க்கிருமிகள் வளரவிடுவதில்லை. புளிக்கும், நாறும், வினிகர் ஆகும். நாக்குக்குத் தண்டனை, அவ்வளவுதான். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. அதை இரண்டாவது வாளி எனக்குக் காட்டியது.

இரண்டாவது முறை எல்லாம் சுத்தம். ஈஸ்ட் போட்டு மூடி, மூடியில் ஏர்லாக் செருகினேன். சிறிது தண்ணீர் நிற்கும் வளைந்த சின்னக் குழாய் அது. உள்ளிருக்கும் வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. 12 மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்து பார்த்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். 18-ஆவது மணியில் முதல் குமிழி. "பொளக்." அடுத்த நாள் அது நிற்காத இதயத் துடிப்புபோல ஓடியது. 20 லிட்டர் வொர்ட் நான்கரை சதவீத பீர் ஆகும்போது வெளிவரும் கரியமில வாயுவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண அறை வெப்பத்தில் 350 லிட்டருக்கு மேல். ஒரு வாளி, தன்னைப்போல 17, 18 வாளி காற்றை ஊதித் தள்ளுகிறது.

ஹைட்ரோமீட்டர் என்று ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு, மிதக்கவிட்டு அடர்த்தியைப் பார்ப்பது. வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். நொதிக்காத வொர்ட்டில் 1.045 போலக் காட்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன மிதவை கீழே இறங்கும். 1.011-இல் வந்து நின்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும், கிட்டத்தட்ட 4.5. பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவு குறித்திருப்பார்கள். சூடாக இருக்கும்போது அளந்தால் குறைத்துக் காட்டும். இதையெல்லாம் நான் தெளிவாகப் படித்துவைத்திருந்தேன். மூன்றாம் நாள் அது மேசையிலிருந்து உருண்டு விழுந்து உடைந்தது. இவற்றைத் தட்டையாகச் செய்யக் கூடாதா, உருளாமல் இருக்குமே என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

இன்னொன்று வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. ஏர்லாக்தான் இருக்கிறதே, குமிழி நின்றால் நொதித்தல் நின்றது என்று அர்த்தம், இதற்கு ஒரு கருவி எதற்கு என்று நினைத்தேன். ஆறாம் நாள் குமிழி நின்றது. ஏழாம் நாள் பாட்டிலில் அடைத்தேன்.

பாட்டிலுக்குள் வாயு வருவதற்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயு விடும். மூடி இறுகியிருப்பதால் வாயு பீரிலேயே கரையும். 20 லிட்டருக்கு 120 கிராம் போல. அந்தக் கணக்கெல்லாம் நான் சரியாகத்தான் போட்டேன். உள்ளே ஏற்கெனவே தின்னப்படாத சர்க்கரை எவ்வளவு மீதம் இருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாது. அந்த வாரம் இரவில் நல்ல குளிர். ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை, குளிரில் பாதியில் படுத்துவிட்டது. பாட்டில்களை நான் கதகதப்பான அலமாரிக்குள் வைத்ததும் எழுந்துகொண்டது.

வழக்கமான பீரில் அதன் கன அளவைப்போல இரண்டரை மடங்கு வாயு கரைந்திருக்கும். அடர்த்தி அளவில் ஒரு புள்ளி, அதாவது 0.001, மீதமிருந்தால்கூட அது அரை மடங்கு வாயுவைக் கூட்டும். ஆறு புள்ளி மீதமிருந்தால் மூன்று மடங்கு கூடுதல். இரண்டரையும் மூன்றும் ஐந்தரை. சாதாரணக் கண்ணாடிப் பாட்டில் அதற்காகச் செய்ததல்ல.

மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், அலமாரிக்குள் யாரோ கதவை அறைந்து சாத்தியதுபோலச் சத்தம். பிறகு இன்னொன்று. பாட்டில்களைத் தடித்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து அலமாரியைச் சாத்தியிருந்தேன். தற்செயல்தான், புத்திசாலித்தனம் இல்லை. பெட்டியின் ஒரு பக்கம் கிழிந்து, அலமாரிக் கதவின் உட்புறத்தில் கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது. அந்த உயரத்தில் என் முகம் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன், அதற்குமேல் நினைக்கவில்லை.

அக்காவுக்கு ஃபோன் போட்டேன். "கிட்டப் போகாதே. நான் வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு, தடித்த கையுறை, பழைய கம்பளி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். பெட்டியைக் கம்பளியால் மூடி, அப்படியே குளிர்பதனப் பெட்டிக்குள் தள்ளினோம். குளிர்ந்தால் அழுத்தம் குறையும். மறுநாள் ஒவ்வொன்றாகத் துணி சுற்றிப் பிடித்து மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். பாட்டிலில் பாதி நுரையாகவே வெளியே வந்தது. மீதியை அவள் ருசி பார்த்தாள். "சுவை பரவால்ல. குடிக்கத்தான் ஒண்ணும் மிஞ்சலை" என்றாள்.

ஆகவே, இதை மட்டும் கறாராகச் சொல்கிறேன். இரண்டு ஹைட்ரோமீட்டர் வாங்கிவையுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அளந்து, அளவு மாறாமல், செய்முறை எதிர்பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றால்தான் பாட்டில். ஏர்லாக்கை நம்ப வேண்டாம். மூடி எங்கேயாவது கசிந்தால் நொதிக்கும்போதே குமிழி நிற்கும். அறை சூடானால் நொதித்து முடிந்த பிறகும் கரைந்த வாயு வெளியேறிக் குமிழி ஓடும். ஏர்லாக்கைக் கேட்டுப் பாட்டிலில் அடைப்பதும் கிளி ஜோசியம் பார்ப்பதும் ஒன்றுதான்.

மூன்றாவது முறை மால்ட் சாற்றை விட்டுவிட்டு நேரே தானியத்துக்குப் போனேன். அவசரப்படுகிறேன் என்று தெரியும். ஆனால் இந்த அவசரத்துக்கு மட்டும் நான் வருத்தப்படவில்லை. காய்ச்சுவதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு மணி நேரம் இதற்குள்தான் இருக்கிறது.

பெரிய பாத்திரம், அதற்குள் மெல்லிய துணிப்பை, பைக்குள் உடைத்த மால்ட். இவ்வளவுதான் ஏற்பாடு. 4.5 கிலோ மால்ட், 27 லிட்டர் தண்ணீர். தண்ணீரை 69 டிகிரிக்குச் சூடாக்கித் தானியத்தைக் கொட்டிக் கிளறினால் 66-க்கு இறங்கி நிற்கும். கம்பளியால் பாத்திரத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். ஆரம்பத்தில் கலங்கிய கஞ்சித் தண்ணீர், நக்கிப் பார்த்தால் மாவுச் சுவை. 20 நிமிடம் கழித்து ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தால் இனிக்கிறது! அதே தானியம், அதே தண்ணீர், வேறொன்றும் நான் போடவில்லை. முளைக்கும்போது தானியம் தனக்காக உண்டாக்கிய நொதிகள் மாவுச் சங்கிலியை வெட்டிக்கொண்டிருக்கின்றன. பீட்டா அமைலேஸ் சங்கிலியின் நுனியிலிருந்து துண்டு துண்டாகக் கொறித்து, ஈஸ்ட்டுக்குப் பிடித்த மால்டோஸ் சர்க்கரையாக்கும். அதற்கு 60-லிருந்து 65 வரையான சூடு இதம். ஆல்ஃபா அமைலேஸ் கண்ட இடத்தில் வெட்டும், 70-ஐ ஒட்டிய சூட்டிலும் வேலை செய்யும். அது விட்டுச்செல்லும் பெரிய துண்டுகள் சிலவற்றை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. ஆகவே 64-இல் ஊறவைத்தால் பீர் மெலிதாக, வறண்ட முடிவோடு வரும். 69-இல் வைத்தால் வாய்க்குள் கனமாக நிற்கும். நாலைந்து டிகிரியில் வேறு பீர். ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்க்கலாம், கருநீலமானால் மாவு இன்னும் மிச்சம். முதல்முறை கருநீலம், இருபது நிமிடம் கழித்து லேசான ஊதா, ஒரு மணி நேரம் முடிந்தபோது நிறமே மாறவில்லை. அந்தச் சின்ன வெள்ளைத் தட்டை அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "இதெல்லாம் எட்டாங்கிளாஸ்லயே செஞ்சோமேடா" என்று பதில் வந்தது. செய்தோம்தான். அன்றைக்குக் கடைசியில் பீர் கிடைக்கவில்லை.

அந்த வாளியில் நான் செய்த தப்பு கசப்பில். செய்முறையில் 30 கிராம் ஹாப்ஸ் என்றிருந்தது, 30 கிராம் போட்டேன். அவர்கள் சொன்னது ஆல்ஃபா அமிலம் 5 சதவீதம் இருந்த ஹாப்ஸ், என் கையில் இருந்தது 14 சதவீதம். பொட்டலத்தின் மேலேயே அச்சடித்திருந்தார்கள். ஏறக்குறைய மூன்று மடங்குக் கசப்பு. கொதிக்கும்போதுதான் இந்த அமிலங்கள் உருமாறித் தண்ணீரில் கரைந்து கசக்கும். அதனால் ஒரு மணி நேரம் கொதிக்கும் ஹாப்ஸ் கசப்பைத் தரும், மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். கடைசி ஐந்து நிமிடத்தில் போடுவது மணத்தைத் தரும். எடையை மட்டும் பார்த்தால் போதாது, எடை, அமிலம், நேரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த பீரை நாங்கள் குடித்தோம். மருந்து குடிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு.

ஆனால் அதில் ஒரு காரியம் சரியாக நடந்தது, அது வெப்பம். ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூடு கிளப்பும். வாளிக்குள் இருக்கும் சூடு அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். ஏல் என்ற பீர் வகைக்கான ஈஸ்ட்டுக்குப் பெரும்பாலும் 18-லிருந்து 20 டிகிரி இதம். அதற்கு மேலே போனால் வாழைப்பழ மணம் ஏறும், இன்னும் போனால் பெயின்ட் கரைக்கும் தின்னர் போல ஒரு காரம். முதல் மூன்று நாள்தான் முக்கியம், சுவையில் பெரும்பகுதியை ஈஸ்ட் அப்போதுதான் தீர்மானிக்கிறது. தனிக் குளிர்பெட்டி என்னிடம் இல்லை. வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, மேலே ஈரத்துணி சுற்றி, பனிக்கட்டியாக உறைந்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றி மாற்றித் தொட்டியில் மிதக்கவிட்டேன். 19-இல் நின்றது. குளிரில் மெல்ல நொதிக்கும் லாகர் வகை வேண்டுமென்றால் 10 டிகிரியை ஒட்டி வாரக்கணக்கில் வைக்க வேண்டும், அதற்கு இந்தத் தொட்டி வித்தை போதாது. ஆரம்பத்தில் லாகர் ஆசையை விட்டுவிடுவது நல்லது. வெயில் கொளுத்தும் இடத்தில் இருப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. நார்வேயில் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காய்ந்த மரவளையங்களில் ஒட்டவைத்துக் காப்பாற்றிவந்த க்வெய்க் என்ற ஈஸ்ட் 30 டிகிரியைத் தாண்டியும் சுத்தமாக வேலை செய்யும். குளிர் தேசத்து ஈஸ்ட் வெயிலுக்குத் துணை வருவதில் ஏதோ வேடிக்கை இருக்கிறது.

ஒளியையும் சொல்ல வேண்டும். பழுப்பு நிறப் பாட்டில் அழகுக்காக இல்லை. வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து கந்தக நாற்றம் ஒன்று உண்டாகும். பச்சைப் பாட்டிலும் நிறமில்லாத பாட்டிலும் அதைத் தடுக்காது. இருட்டில் வையுங்கள், முடிந்தது.

இதற்குள் நான் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். தேதி, தண்ணீர், தானியம், ஊறிய சூடு, ஆரம்ப அடர்த்தி, காலை மாலை வாளிச் சூடு, பாட்டிலில் அடைத்த நாள் எல்லாம் அதில் இருக்கும். கடைசிக் கட்டத்தில் "அக்கா" என்று ஒரு தலைப்பு. முதல் வரிசையில் அதற்குக் கீழே "பிளாஸ்திரி". இரண்டாவதில் "வெடி". மூன்றாவதில் "கஷாயம்".

நான்காவது வாளி எல்லா வகையிலும் ஒழுங்காகப் போனது. 66 டிகிரியில் ஊறியது, அளந்து போட்ட ஹாப்ஸ், அரைமணி நேரத்தில் ஆறிய வொர்ட், 19 டிகிரித் தொட்டி. அளப்பதற்குத் தவிர மூடியைத் திறக்கவே இல்லை. ஏழாம் நாள் ஹைட்ரோமீட்டர் 1.011. ஒன்பதாம் நாளும் 1.011. அன்றைக்கே பாட்டிலில் அடைத்தேன். மூன்று வாரம் கழித்துக் குளிரவைத்து அக்கா முன்னால் வைத்தேன்.

வழக்கம்போல முதலில் மூக்கு. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய்.

"நல்லாருக்குடா" என்றாள். தம்ளரை இரண்டு கையாலும் பொத்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். சூடேறியதும் மறுபடி முகர்ந்தாள். "வெண்ணெய் வாடை லேசா வருதே. எத்தனாவது நாள் அடைச்சே?"

"ஒன்பது. அளவு மாறவே இல்லையேக்கா, ரெண்டு தடவை பார்த்தேன்."

"சர்க்கரை தீர்ந்திருக்கும். ஈஸ்ட்டோட வேலை தீர்ந்திருக்குமா?"

நோட்டையும் என் புத்தகங்களையும் அப்புறம் புரட்டினேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது வழியில் சில பொருள்களை வெளியே விட்டுவிடும். அவற்றில் ஒன்று பீருக்குள்ளேயே மெல்ல மாறி டைஅசிட்டைல் ஆகும். வெண்ணெய் மணம் அதுதான். சர்க்கரை தீர்ந்த பிறகு அதே ஈஸ்ட் திரும்பிவந்து அந்த டைஅசிட்டைலைத் தின்று துப்புரவாக்கும். அதற்குச் சில நாள் ஆகும். ஹைட்ரோமீட்டருக்கு இந்த வேலை கண்ணில் படாது. சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கொஞ்சம் பீரை இரண்டு மூடிய குப்பிகளில் எடுத்து, ஒன்றை 60 டிகிரித் தண்ணீரில் இருபது நிமிடம் வைத்து, ஆறியதும் இரண்டையும் முகர்ந்து பார்ப்பது. சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் மணம் வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். அக்கா தம்ளரைக் கையால் பொத்திச் சூடேற்றியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு இது தெரிந்து செய்தாளா, பழக்கத்தில் செய்தாளா என்று கேட்கவில்லை. தெரிந்ததாகத்தான் சொல்வாள்.

நோட்டில் நான்காவது வரிசையில் "வெண்ணெய் (லேசா)" என்று எழுதினேன். பாட்டிலில் அடைக்கும் நாள் என்ற இடத்தில், அடுத்த முறைக்கு, 9-ஐ அடித்துவிட்டு 14 என்று போட்டேன்.

ஐந்தாவது வாளி இப்போது தொட்டியில் இருக்கிறது. இன்றைக்கு எட்டாம் நாள். ஏர்லாக் நேற்றே நின்றுவிட்டது.